கேம் மாற்றினால் மேப் என்ன ஆகும்? இன்ஜெக்‌ஷன் வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அரியாங்குப்பத்தில், கடலூர் ரோட்டை ஒட்டி இருக்கும் பட்டறையில் எஞ்சின் வேலை பார்க்கிறேன். புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் வரும் பிள்ளைகள் கேம்ஷாஃப்ட்டை, சுருக்கமாகக் கேமை, மாற்றுவது பற்றி ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கையில் கிரீஸோடு நின்றுகொண்டு அரைகுறையாகச் சொல்வதைவிட உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

ஒரு சொல்லை மட்டும் முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். இங்கே 'மேப்' என்றால் ஈசியூவுக்குள், அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்குள், இருக்கும் பெட்ரோல், இக்னிஷன் (பொறி கொடுக்கும் நேரம்) அட்டவணை. காற்றழுத்தம் பார்க்கும் சென்சாரையும் சிலர் மேப் என்கிறார்கள். குழப்பம் வேண்டாம், அதை நான் பிரஷர் சென்சார் என்றே எழுதுகிறேன்.

அண்ணா, கேம்ஷாஃப்ட் உண்மையில என்ன பண்ணுது?

வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கேம்ஷாஃப்ட். பிஸ்டன் சுழற்றும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. அதன் மேலுள்ள முட்டை வடிவ மேட்டுக்கு லோப் என்று பெயர். எஞ்சினுக்குள் எந்த வேகத்தில் எவ்வளவு காற்று போகும் என்பது பெரும்பாலும் அந்த மேட்டின் வடிவத்தில்தான் இருக்கிறது. ஈசியூ காற்றை உண்டாக்குவதில்லை. உள்ளே வந்த காற்றுக்கு ஏற்ற பெட்ரோலையும் பொறியையும் கொடுப்பதுதான் அதன் வேலை.

லிஃப்ட், டூரேஷன், ஓவர்லேப்னு அடுக்குறாங்க. எது முக்கியம்?

லிஃப்ட் என்பது வால்வு எத்தனை மி.மீ. இறங்குகிறது என்பது. டூரேஷன் என்பது கிராங்க் எத்தனை டிகிரி சுற்றும்வரை அது திறந்திருக்கிறது என்பது. எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்குள் இன்டேக் வால்வு திறந்துவிடும். இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் அந்த நேரம் ஓவர்லேப். ட்யூனிங்கில் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இந்த ஓவர்லேப்தான்.

கணக்கு எளிது, டூரேஷனிலிருந்து லோப் மைய இடைவெளியின் இரு மடங்கைக் கழியுங்கள். இரண்டு லோப்பும் 260 டிகிரி, லோப் மையங்களுக்கு நடுவே 110 டிகிரி இடைவெளி என்றால் ஓவர்லேப் 40 டிகிரி. அதையே 280 டிகிரியாக்கி, இடைவெளியை 106 ஆகக் குறைத்தால் 68 டிகிரி. டூரேஷனில் 20 டிகிரிதான் கூடியது, ஓவர்லேப் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிட்டது. கேம் வாங்கும்போது டூரேஷனை எந்த லிஃப்ட்டில் அளந்தார்கள் என்றும் கேளுங்கள். வால்வு அசையத் தொடங்கும் இடத்தில் அளந்த எண்ணும் 1 மி.மீ. லிஃப்ட்டில் அளந்த எண்ணும் பல டிகிரி வித்தியாசப்படும். இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஏமாறாதீர்கள்.

இன்ஜெக்‌ஷன் வண்டிதானே, கேம் மாத்தினா ஈசியூவே கத்துக்காதா?

கொஞ்சம் கற்றுக்கொள்ளும். சைலன்சரில் உள்ள ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து, சீராக ஓட்டும்போதும் ஐட்லிங்கிலும் பெட்ரோலை ஓரளவு கூட்டிக் குறைக்கும். ஆனால் அந்தத் திருத்தத்துக்கு ஒரு எல்லை உண்டு. ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கும்போது பெரும்பாலான ஸ்டாக் (கம்பெனியிலிருந்து வந்தபடியே உள்ள) ஈசியூக்கள் அந்தச் சென்சாரைக் கண்டுகொள்வதில்லை, அட்டவணையில் எழுதியிருப்பதை அப்படியே கொடுக்கும். பெரிய கேம் அதிகக் காற்றைக் கொடுப்பது சரியாக அந்த இடத்தில்தான். பெட்ரோல் பழைய அளவிலேயே வரும், கலவை லீனாகும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாது, பிஸ்டன் சூடேறும்.

அட்டவணையின் அடிப்படை, ஒவ்வொரு ஆர்.பி.எம்.மிலும் சிலிண்டர் எத்தனை சதவீதம் நிரம்புகிறது என்பது. கேம் மாறினால் அந்தச் சதவீதம் முழுக்க மாறும். டூரேஷன் கூடினால் இன்டேக் வால்வு தாமதமாக மூடும். குறைந்த வேகத்தில் பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதியைத் திருப்பித் தள்ளிவிடும், அதனால் அங்கே பெட்ரோலைக் குறைக்க வேண்டும். அதிக வேகத்தில் காற்று ஓடிவரும் வேகமே பிஸ்டனை மீறி உள்ளே தள்ளும், அங்கே கூட்ட வேண்டும். ஒரே கேம், ஒரு பக்கம் குறைப்பு, இன்னொரு பக்கம் கூட்டல். மொத்தமாகப் பத்து சதவீதம் ஏற்றிவிடுவது ட்யூனிங்கே இல்லை.

கார்புரேட்டர் வண்டில கேம் போட்டப்போ ஜெட் மாத்தினதோட முடிஞ்சுதே. இதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு வேலை?

கார்புரேட்டர் வழியாகப் போகும் காற்றுதான் பெட்ரோலை இழுக்கிறது. காற்று கூடினால் பெட்ரோலும் தானாகக் கூடும், ஜெட்டில் சின்னத் திருத்தம் போதும். நம் பைக்குகளில் உள்ள இன்ஜெக்‌ஷன் பெரும்பாலும் காற்றை நேராக அளப்பதில்லை. ஆர்.பி.எம்., த்ராட்டில் (ஆக்சிலேட்டர் திறப்பு), பிரஷர் ஆகியவற்றைப் பார்த்து இவ்வளவு காற்று வந்திருக்கும் என்று ஊகிக்கிறது. ஊகம் பழைய கேமுக்கு எழுதப்பட்டது. கேம் புதியது. அதுதான் சிக்கல்.

கேம் போட்டதிலேர்ந்து ஐட்லிங் நிக்கவே மாட்டேங்குது, சிக்னல்ல ஆஃப் ஆயிடுது. என்ன பண்றது?

முதலில் டேப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கு மேலே விடும் சின்ன இடைவெளியைப் பாருங்கள். இறுக்கமாக வைத்தால் டூரேஷனும் ஓவர்லேப்பும் கூடும், சூடானதும் வால்வு மூடாமலே நிற்கலாம். புதிய கேமுக்குக் கொடுத்த அளவில் வையுங்கள், பழைய அளவில் அல்ல. அப்புறம் இன்டேக் ரப்பரில் காற்று ஒழுகுகிறதா என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் லேப்டாப்பைத் திறக்கவே கூடாது.

அதெல்லாம் சரியாக இருந்தால் காரணம் ஓவர்லேப். ஐட்லிங்கில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும், இன்டேக் பக்கம் வெற்றிடம். இரண்டு வால்வும் திறந்திருக்கும் நேரத்தில் எரிந்த புகை சைலன்சர் பக்கமிருந்து திரும்பி உள்ளே வரும். அடுத்த சுற்றுக்கு வரும் கலவையில் அந்தப் புகை கலந்துவிடும், மெதுவாக எரியும், சில சமயம் எரியாமலே போகும். 'பட்... பட்-பட்' என்ற அந்தச் சத்தம் இதுதான். கேட்க நன்றாக இருக்கிறது என்று பலருக்கு ஆசை. அது எஞ்சின் மூச்சுத் திணறும் சத்தம்.

செய்ய வேண்டியது மூன்று. ஐட்லிங் வேகத்தை இப்போது இருப்பதைவிட 150 முதல் 300 ஆர்.பி.எம். வரை கூட்டுங்கள், அதற்கேற்ற காற்றையும் ஐட்லிங் வால்வு வழியாகக் கொடுங்கள். கலவை மெதுவாக எரிவதால் பொறியை முன்கூட்டியே கொடுங்கள். ஸ்டாக்கில் 10 டிகிரி இருந்த இடத்தில் 15, சில கேமுக்கு 18 வரைகூடக் கேட்கும். மூன்றாவது, வேகம் இறங்கினால் இக்னிஷன் கூடவும், ஏறினால் குறையவும் ஐட்லிங் அட்டவணையை எழுதுங்கள். பெட்ரோலைவிட இக்னிஷன் உடனே வேலை செய்யும். முறுக்கிவிட்டு விடும்போது ஆஃப் ஆகும் வண்டிகளில் பாதி, இந்த மூன்றாவதைச் செய்ததுமே ஆஃப் ஆகாமல் ஓடத் தொடங்குகின்றன.

ஆக்ஸிஜன் சென்சார் லீன்னு காட்டுது, பெட்ரோல் ஏத்திக்கிட்டே போறேன். ப்ளக் மட்டும் கருப்பா வருது. ஏன்?

சென்சார் காட்டுவது தப்பு. இதைப் புரிந்துகொண்டால் கேம் ட்யூனிங்கில் பாதி முடிந்தது.

அந்தச் சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது. புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜன் மட்டும்தான் தெரியும். ஓவர்லேப் அதிகமுள்ள கேமில் புதிய காற்றில் கொஞ்சம் எரியாமலே எக்ஸாஸ்ட் வழியாக வெளியேறும். மேலே சொன்னபடி ஐட்லிங்கில் கலவை எரியாமல் மிஸ் அடித்தால், அந்தச் சுற்றின் ஆக்ஸிஜன் மொத்தமும் அப்படியே வெளியே போகும். கூடவே எரியாத பெட்ரோலும் போகிறது, அதைச் சென்சார் கணக்கில் எடுக்காது. ஆக்ஸிஜன் அதிகம் என்றதும் லீன் என்கிறது. ஈசியூ பெட்ரோலை ஏற்றுகிறது. பெட்ரோல் அதிகமாகி, அதாவது ரிச் ஆனதால் இன்னும் மிஸ் அடிக்கிறது. மறுபடியும் லீன் என்கிறது. கண்ணை எரிக்கும் புகையும் கருப்பு ப்ளக்கும் இப்படித்தான் வருகின்றன. கலவை விகிதத்தை எண்ணாகவே காட்டும், பெரிய விலை கொடுத்து வாங்கிய வைட்பேண்ட் சென்சாரும் இந்த இடத்தில் ஏமாறும்.

ஐட்லிங்கிலும், அதற்குச் சற்று மேலேயும் சென்சார் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். பெட்ரோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எந்த அளவில் வேகம் சீராகி, இன்டேக் வெற்றிடம் அதிகமாகிறதோ அதுதான் எஞ்சின் கேட்கும் அளவு. மீட்டரில் லீன் என்று காட்டினாலும் பயப்படாதீர்கள், காதையும் மூக்கையும் நம்புங்கள். 2500, 3000 ஆர்.பி.எம்.முக்கு மேலே லோடில் ஓடும்போது சென்சார் மறுபடியும் உண்மை பேசத் தொடங்கும், அங்கே அதை நம்பலாம். இதையெல்லாம் செய்வதற்கு முன் சைலன்சர் ஜாயிண்டில் ஓட்டை இல்லை என்று உறுதிசெய்யுங்கள். சின்ன ஓட்டை வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்பட்டாலும் இதே பொய் லீன் வரும்.

பிரஷர் சென்சாரை வச்சு ட்யூன் பண்ணணுமா, த்ராட்டிலை வச்சா?

ஸ்டாக் கேமில் பிரஷர் நல்ல வழிகாட்டி. நாலு சிலிண்டர் காரில் ஐட்லிங்கில் 35 கிலோபாஸ்கல் அளவில் அசையாமல் நிற்கும். பெரிய கேம் போட்டால் அது 50, 55க்கு ஏறி, ஊசி ஆடிக்கொண்டே இருக்கும். அட்டவணையில் ஈசியூ ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும், பெட்ரோலும் ஆடும். அப்போது சின்னத் திறப்புகளுக்குத் த்ராட்டிலை ஆதாரமாக வைப்பது நல்லது. இன்டேக் வெற்றிடம் இப்படிக் குறைந்தால் காரில் பிரேக் பெடலும் கெட்டியாகும். அதைச் சோதிக்காமல் ரோட்டுக்கு எடுக்காதீர்கள்.

த்ராட்டில் முறையில் ஒரு குறை. மலையேறினால் காற்றழுத்தம் குறையும், ஆனால் த்ராட்டிலுக்கு அது தெரியாது. நம்ம ஊர் கடல்மட்டம், 101 கிலோபாஸ்கல். ஏற்காடு சுமார் 1500 மீட்டர், அங்கே 85 பக்கத்தில்தான் இருக்கும். இங்கே சரியாக ஓடிய வண்டி அங்கே கருப்புப் புகை விடும். வெளிக்காற்று அழுத்தத்துக்கான திருத்தத்தை ஈசியூவில் கண்டிப்பாக இயக்கி வையுங்கள். இரண்டு முறையையும் கலந்து பயன்படுத்தும் வசதி இருந்தால் அதுவே எனக்குப் பிடித்தது.

எந்தக் கேம் போடலாம் அண்ணா? பெருசா இருந்தா நல்லதுதானே?

இல்லை. இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் ஒரு வேலை கொடுப்பேன். ஒரு வாரம் உங்கள் வழக்கமான ரோட்டில் ஓட்டுங்கள், டாக்கோமீட்டரைக் கவனியுங்கள். முதலியார்பேட்டை, தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், முள்ளோடை, ஆல்பேட்டை. இந்த ரோட்டில் பஸ்ஸுக்குப் பின்னால் போவதும் அதை முந்துவதும்தான் பயணம். ஊசி பெரும்பாலும் 2500க்கும் 4500க்கும் நடுவில்தான் இருக்கும். 6000க்கு மேல் சக்தி கொடுக்கும் கேமை இதில் போட்டால், நீங்கள் ஓட்டாத இடத்தில் வாங்கி, ஓட்டும் இடத்தில் இழக்கிறீர்கள்.

ராயல் என்ஃபீல்டு 650 ட்வின்னை எடுத்துக்கொள்ளுங்கள். 648 சிசி, கம்ப்ரஷன் 9.5க்கு 1. இன்டேக் தாமதமாக மூடும் கேமைப் போட்டால், குறைந்த வேகத்தில் அந்த 9.5ம் முழுசாகக் கிடைக்காது. பிஸ்டனையோ ஹெட்டையோ தொடாமல் பெரிய கேம் மட்டும் போட்டு, முன்பு இருந்த இழுவை எங்கே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ரோட்டுக்கு லிஃப்ட் சற்றுக் கூடி, டூரேஷன் கொஞ்சமாக மட்டும் கூடிய கேம் போதும். இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கோ கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேக்கோ தவறாமல் போகிறவர் என்றால் அது வேறு கதை, அவருக்குப் பெரிய கேம் பொருந்தும்.

ஆர்15ல விவிஏ இருக்கே, அதுல கேம் மாத்தலாமா?

யமஹா ஆர்15 எஞ்சின், வால்வை இரண்டு விதமாகத் திறக்கும் விவிஏ வசதியால் இந்தச் சண்டையை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறது. இன்டேக்கில் சின்ன லோப், பெரிய லோப் இரண்டும் உண்டு, 7400 ஆர்.பி.எம்.மில் பெரியதற்கு மாறும். ஊருக்கு ஒன்று, ரேசுக்கு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ரோட்டுக்கு அதைத் தொட வேண்டாம் என்பேன். தொட்டால், மாறும் இடத்துக்கு இரண்டு பக்கமும் தனித்தனியாக மேப் சரிசெய்ய வேண்டிவரும்.

இக்னிஷனை ஏத்தினா பவர் ஏறும்ல?

ஐட்லிங்கில் ஏற்றச் சொன்னேன், அது வேறு காரணம். முழு த்ராட்டிலில் சிலிண்டர் நன்றாக நிரம்பும் இடத்தில், அதாவது டார்க் (இழுவை) உச்சத்தில், கலவை வேகமாக எரியும். அங்கே ஸ்டாக்கைவிடக் குறைக்கக்கூட வேண்டிவரலாம். புதிய கேமில் அந்த உச்சம் மேலே நகர்ந்திருக்கும். பழைய உச்சத்தில் குறைத்து வைத்திருந்ததைக் கொஞ்சம் ஏற்றலாம், புதிய உச்சத்தில் கவனமாக இருங்கள். ஒவ்வொரு டிகிரியாக ஏற்றி, சக்தி கூடுவது நின்றதும் நிறுத்துங்கள். மே மாத மத்தியான வெயிலில் நாக்கிங், அதாவது கலவை தானாக வெடிக்கும் தட்டல் சத்தம், இல்லையா என்று பாருங்கள். விடியற்காலை ஈசிஆரில் மரக்காணம் வரை போய்வந்து 'சத்தமே இல்லண்ணா' என்று சொல்வதை நான் ஏற்பதில்லை.

கேமை 4 டிகிரி முன்னாடி வச்சா என்ன ஆகும்?

இன்டேக் சீக்கிரம் மூடும், கீழ் வேக இழுவை கூடும், மேலே கொஞ்சம் குறையும். பின்னால் வைத்தால் நேர்மாறு. கேம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது என்று தோன்றினால் நான் முதலில் செய்வது இதுதான், செலவும் குறைவு. ஆனால் டிகிரி சக்கரமும் டயல் கேஜும் வைத்து அளந்துதான் செய்ய வேண்டும். செயினில் ஒரு பல் தள்ளிப்போடுவது 4 டிகிரி அல்ல. ஸ்ப்ராக்கெட்டைப் பொறுத்து கிராங்கில் 20 டிகிரிக்கும் மேலே போய்விடும், வால்வு அடிபடும். கேமை நகர்த்திய பிறகு மேப்பையும் மறுபடி பார்க்க வேண்டும்.

இன்ஜெக்டரும் பெருசா போடணுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். எஞ்சினின் ஒரு முழுச் சுற்று என்பது கிராங்கின் இரண்டு சுற்று. 6000 ஆர்.பி.எம்.மில் அதற்கு 20 மில்லி செகண்ட், 8000ல் 15 மட்டும். உங்கள் லாக்கில் (ஈசியூ பதிவில்) 8000ல், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் 13 மில்லி செகண்ட் திறந்திருந்தால் 87 சதவீதம், அது எல்லையைத் தாண்டிவிட்டது. 85க்குக் கீழே இருந்தால் ஸ்டாக் இன்ஜெக்டரே போதும். தேவையில்லாமல் பெரியது போட்டால் ஐட்லிங்கில் அளந்து தெளிப்பது கடினமாகி, ஏற்கெனவே உள்ள தொல்லை இரண்டாகும். ஈசியூவில் தெளிக்கும் நேரத்தை நகர்த்த முடிந்தால், எக்ஸாஸ்ட் மூடிய பிறகு பெட்ரோல் சிலிண்டருக்குள் போகும்படி வையுங்கள். ஓவர்லேப்பில் வீணாவது குறையும், மைலேஜும் கொஞ்சம் திரும்பும்.

ஸ்டாக் கேமையே கிரைண்ட் பண்ணிப் போடலாமா? செலவு கம்மியாச்சே.

நன்றாகத் தெரிந்தவர் செய்தால் போடலாம். லோப்பின் வட்டப் பகுதியைக் குறைத்துத்தான் லிஃப்ட்டைக் கூட்டுவார்கள், அதனால் டேப்பெட் ஸ்க்ரூ அதற்கு எட்ட வேண்டும். ஆரம்பகாலத்தில் ஒரு வண்டிக்கு இப்படிக் கேம் போட்டேன். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி பார்க்காமல் மூடிவிட்டேன். மறுநாள் எக்ஸாஸ்ட் வால்வு வளைந்து வண்டி என்னிடமே திரும்பி வந்தது. அந்தப் பையனின் ஒரு மாதச் சம்பளம் அதில் போனது, பாதியை நான் கொடுத்தேன். அன்றிலிருந்து பிள்ளைகள் விளையாடும் கலர் களிமண்ணைப் பிஸ்டன் மேல் ஒட்டி, கையால் இரண்டு சுற்று சுற்றி, வெட்டி அளக்காமல் ஹெட்டை மூடுவதில்லை. இன்டேக்குக்கு 2 மி.மீ., எக்ஸாஸ்ட்டுக்கு 2.5 மி.மீ. எனக்குக் குறைந்தபட்சம். வால்வு ஸ்ப்ரிங் முழுசாக அமுங்கி முட்டுகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

ஈ20 பெட்ரோல் வந்தப்புறம் பழைய மேப் சரிவருமா?

கலப்பில்லாத பெட்ரோலுக்குச் சரியான காற்று விகிதம் 14.7, 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20க்கு சுமார் 13.5. எடைக் கணக்கில் 8, 9 சதவீதம் அதிகம் தேவை. சென்சார் திருத்தம் இருக்கும் இடத்தில் ஈசியூ சமாளித்துவிடும், முழு த்ராட்டிலில் சமாளிக்காது. மீட்டரை 14.7 என்ற எண்ணில் பார்க்காமல், சரியான கலவையை 1 என்று காட்டும் லாம்டாவில் பாருங்கள். எந்தப் பெட்ரோலானாலும் லாம்டா 1 என்பது 1தான்.

புகைச் சான்றிதழ், வாரன்டி எல்லாம் என்ன ஆகும்?

வாரன்டி போய்விடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். புகைச் சோதனை பெரும்பாலும் ஐட்லிங்கில்தான் நடக்கிறது, எரியாத பெட்ரோல் அதிகம் வெளியேறுவதும் அங்கேதான். ஓவர்லேப் பெரிதானால் தேறுவது கடினம். வண்டியின் விவரம் ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக இருக்கக்கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. சிசியைக் கூட்டினால் நேராக அதில் மாட்டுவீர்கள். டிராக்குக்கு மட்டும் என்றால் தனி வண்டி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் செஞ்சாச்சு. ஆனா 3000ல ஒரு பள்ளம் இருக்கு, பெட்ரோல் ஏத்தினாலும் குறைச்சாலும் போகல. மேப்ல சரி பண்ண முடியுமா?

முடியாது. ஓவர்லேப் நேரத்தில் சைலன்சரிலிருந்து திரும்பி வரும் அலை அந்த வேகத்தில் தப்பான சமயத்தில் வந்து சேருகிறது, சிலிண்டர் நிரம்பாமல் போகிறது. காற்றே இல்லாத இடத்தில் பெட்ரோலைக் கூட்டினால் புகைதான் வரும். அங்கே கலவையும் இக்னிஷனும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மிச்சம் இரும்பு வேலை. கேமைச் சில டிகிரி முன்னால் நகர்த்துங்கள். முழுக்கத் திறந்த சைலன்சர் போட்டிருந்தால் ஸ்டாக் சைலன்சரை மாட்டி ஓட்டிப் பாருங்கள், பலமுறை பள்ளம் பாதியாகிவிடும்.

இரண்டும் பலிக்காவிட்டால் சின்ன கேமுக்கு வாருங்கள். போன வருஷம் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி 650யோடு மூன்று முறை வந்தார், மூன்று முறையும் இதே 3000 பள்ளம். கடைசியில் டூரேஷன் குறைந்த கேமைப் போட்டு, ஒரு நாள் முழுக்க மேப் எழுதினோம். சாயங்காலம் பின்னால் அவருடைய அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு, டாப் கியரிலேயே முள்ளோடை தாண்டிப் போய்ச் சேர்ந்தேன் என்று போன் செய்தார்.